தோள்வலியும் கை வைத்தியமும்: ஒரு சிறு வரலாறு



நம் குடியிருப்பில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் பேசினால், முழங்கால் வலிக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது தோள்பட்டை வலி. "தலை வாரக் கை தூக்க முடியலைங்க, முதுகுப் பக்கம் கை போகவே மாட்டேங்குது" என்பார்கள். மாத்திரை வேண்டாம், நீவிச் சரிசெய்ய நல்ல ஆள் இருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. இது மிகப் பழைய கேள்வி. கோவைக்காரர்களான நமக்கு இதற்கான பதில் மூன்று வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் வழி சித்த மருத்துவம். யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 வகையாகப் பிரிக்கிறது. அதில் வரும் கும்பவாதத்தைத்தான் இன்றைய சித்த மருத்துவர்கள் 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனப்படும் தோள் இறுக்கத்தோடு ஒப்பிடுகிறார்கள். சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32. புறமருந்துகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது முறைகள். வெறும் எண்ணெய் தேய்ப்போடு அது நிற்கவில்லை; மூட்டை இழுத்து அசைப்பதும் அதில் சேர்த்தி.

இரண்டாவது வழி பாலக்காட்டுக் கணவாய். கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் 1902-இல் ஆர்ய வைத்திய சாலையைத் தொடங்கினார். கேரளத்து வைத்தியரான பி.வி. ராம வாரியர் 1943-இல் கோவையில் ஆர்ய வைத்திய பார்மசியை நிறுவினார். பிழிச்சல், கிழி, உழிச்சல் எல்லாம் நம் ஊர்ப் பேச்சில் கலந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தோள் இறுக்கத்துக்கு ஆயுர்வேதம் வைத்த பெயர் அபபாகுகம். 1977 முதல் 1984 வரை உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் துணைநின்று கோவையில் ஆயுர்வேத ஆய்வு ஒன்று நடந்ததைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது முடக்குவாதத்துக்கான ஆய்வு. தோள் இறுக்கம் வேறு நோய். அந்த ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

மூன்றாவது வழி பிசியோதெரபி. லண்டனில் 1894-இல் நான்கு செவிலியர்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மசாஜ் என்ற பெயரில் நடந்த முறைகேடுகளால் தங்கள் தொழிலுக்குக் கெட்ட பெயர் வராமல் காப்பதே நோக்கம். 1920-இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. 1944-இல் பிசியோதெரபி என்ற சொல் அதன் பெயரில் ஏறியது. நம் நாட்டில் போலியோ பாதிப்புக்குப் பிறகு, 1953-இல் பம்பாயில் உலக சுகாதார நிறுவன உதவியோடு முதல் பிசியோதெரபி பள்ளி அமைந்தது.

நோயின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சு மருத்துவர் டுப்ளே 1872-இல் இதை விவரித்தார். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று 1934-இல் பெயரிட்டவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் காட்மன். முன்னால் குனிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, ஊசல்போல மெதுவாக ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

இந்த நோய் பெரும்பாலும் முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் தளர்வு என்று போகும். ஒன்று முதல் மூன்று ஆண்டுகூட ஆகலாம். தளரும் கட்டத்தில் யாரிடம் போனாலும் "அவர் கை பட்டதும் சரியாயிருச்சு" என்றுதான் தோன்றும். ஒவ்வொரு வைத்திய முறைக்கும் புகழ் சேர்ந்ததில் இதற்கும் பங்கு இருக்கும். 2014-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தோள் இறுக்கத்துக்குக் குறுகிய காலத்தில் கை சிகிச்சையும் பயிற்சியும் ஸ்டீராய்டு ஊசி அளவுக்குப் பலன் தராமல் போகலாம் என்றது. ஆகவே 'மருந்தே கூடாது' என்று பிடிவாதம் பிடிக்கவும் தேவையில்லை.

நாம் மனதில் வைக்க வேண்டியவை:

சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் அதிகம் வருகிறது. கை தூக்க முடியவில்லை என்றால் சர்க்கரை அளவையும் பாருங்கள்.

கீழே விழுந்த பிறகு வரும் வலிக்கு எக்ஸ்ரே எடுக்கும் முன் யாரையும் இழுத்துவிடச் சொல்லாதீர்கள். எலும்பு தேய்ந்த பெரியவர்களுக்கு இது மிக முக்கியம்.

வலி கடுமையாக உள்ள கட்டத்தில் முரட்டுத்தனமாக முறுக்கினால் வலி கூடும்.

தோள்வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் தைலத்தைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

எந்த முறையானாலும் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமோ படித்த பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். முதலில் நோய் என்னவென்று தெரிந்துகொண்டு, அதன்பின் தோளைக் கொடுங்கள்.