சட்டைப் பைக்குள் ஒளிந்திருந்த மின்சாரம்

பொறியியல் படிக்கும் என் பேரன் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்திருந்தான். கல்லூரி விழாவில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு மின்னணு பேட்ஜ் செய்துகொண்டிருந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, அவன் பெயரைச் சுற்றி ஆறு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், ஒரு சின்ன சிப், பின்பக்கம் காசு போல ஒரு 3 வோல்ட் பேட்டரி.

"ஆறும் சேர்ந்து எரியணும் தாத்தா. ஆனா பேட்டரி தாங்க மாட்டேங்குது" என்றான்.

பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு ஒரு லாபம் உண்டு. பழைய பிரெஞ்சு விஞ்ஞானக் கட்டுரைகளை வாசிக்க முடியும். பேரனின் கவலையைக் கேட்டதும் அப்படி வாசித்து அறிந்த ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். அவர் பெயர் குஸ்தாவ் ட்ரூவே.

தத்துவ ஞானி தெகார்த் பிறந்த அதே ஊரில் 1839-இல் பிறந்தவர். உடல்நலக் குறைவால் படிப்பைப் பாதியில் விட்டு, பாரிசில் கடிகாரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1865 வாக்கில் விரல் பருமனுக்கு ஒரு பேட்டரி செய்தார். மூடி இறுகிய குழாய். மேல்பாதியில் துத்தநாகமும் கரியும், கீழ்ப்பாதியில் திரவம். நிமிர்ந்து நின்றால் இரண்டும் தொடாது, மின்சாரம் இல்லை. சாய்த்தால் திரவம் தொடும், மின்சாரம் ஓடும்.

இதை வைத்து அவர் நகைகள் செய்தார். கழுத்துப்பட்டியில் குத்தும் ஊசியில் ஒரு சிறு மண்டையோடு. அது கண்ணை உருட்டிப் பல்லைக் கடிக்கும். மேளம் தட்டும் முயல் ஒன்றும் உண்டு. அணிந்தவர் பைக்குள் விரலை விட்டு பேட்டரியைச் சாய்த்தால் போதும். பிறகு, 1883 டிசம்பரில் பாரிஸ் ஓப்பராவில் அரங்கேறிய 'லா ஃபரான்தோல்' பாலே நாட்டியத்துக்கு, நடனப் பெண்களின் உடையில் ஒளிரும் நகைகளும் செய்து கொடுத்தார்.

விளக்கு எரிவது பெரிதில்லை. பேட்டரியை எங்கே ஒளிப்பது, எப்படிச் சிக்கனமாகச் செலவிடுவது என்பதுதான் சங்கடம். ட்ரூவே, வேண்டும்போது மட்டும் சாய்த்தார். என் பேரனோ ஆறு விளக்குகளையும் ஒரே நேரத்தில் எரிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக வெகுவேகமாக எரியும்படி சிப்புக்கு உத்தரவு எழுதினான். பேட்டரி ஒரு சமயத்தில் ஒரு விளக்குக்குத்தான் படியளக்கிறது. நம் கண்ணுக்கு ஆறும் சேர்ந்தே எரிகின்றன.

2006-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் நடந்த 'டெஃப்கான்' கணினி மாநாட்டுக்கு ஜோ கிராண்ட் என்பவர் முதன்முதலாக மின்னணு பேட்ஜ் வடிவமைத்தார். அதன் பிறகு உலகெங்கும் பல பேருக்கு இது பொழுதுபோக்காகிவிட்டது என்று பேரன் சொன்னான். ட்ரூவேயை அவன் கேள்விப்பட்டதில்லை.

அவன் மேல் தவறில்லை. 1881-இல் பாரிஸ் தெருவில் மின்சார முச்சக்கர வண்டி ஓட்டிக்காட்டியவர் அவர். ஆனாலும் பணம் என்று அலையவில்லை. 1902-இல் மறைந்தார். கல்லறை இடத்துக்கான அனுமதி புதுப்பிக்கப்படாததால் எலும்புகள் பொதுக்குழிக்குப் போயின. ஊர் நகராட்சிக் கட்டடத்தில் இருந்த அவருடைய காகிதங்கள் 1980 பிப்ரவரியில் ஒரு தீ விபத்தில் எரிந்து போயின.

முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்த வரியை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"போன வருஷம் ஒரு பேட்ஜ் செய்தாயே, எங்கே?" என்று பேரனிடம் கேட்டேன்.

"கெட்டுப்போச்சு தாத்தா. எந்தக் கம்பி எங்கே போகுதுன்னு எழுதி வைக்கலே. சரி பண்ண முடியலே."

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்தேன். பக்கங்களுக்கு எண் போட்டேன். முதல் பக்கத்தின் மேலே தேதி எழுதி அவனிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டேதான் வாங்கினான். ஆனால் அன்று இரவு விளக்கை அணைப்பதற்குள் மூன்று பக்கம் வரைந்திருந்தான்.