புறாக்கூடு முதல் காற்றலை வரை: தீவகத்தின் பேச்சு வழி

நெடுந்தீவுக்குச் சென்ற அன்பர்கள் அங்கே முருகைக் கற்களாற் கட்டப்பெற்ற புறாக்கூட்டைக் கண்டிருப்பர். ஒல்லாந்தர் காலத்தில் அதிலே தூதுப் புறாக்கள் வளர்க்கப்பட்டன என்றும், அவை கடலுக்கு மேலாகச் செய்தி கொண்டு சென்றன என்றும் நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அதே தீவிலே நின்று இன்று ஓர் இளைஞன் கைபேசியைக் காதில் வைத்து ரொறன்ரோவிலுள்ள தமையனுடன் பேசுகின்றான். இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் வரலாறு நம் இளைஞர் அறிய வேண்டியதொன்று.

அவ் வரலாற்றை ஆராயுமுன் ஒன்றை மனத்திற் கொள்வோம். செய்தி போய்ச் சேர்வது வேறு. பேச்சு நடைபெறுவது வேறு. செய்தி இன்று வராவிடின் நாளை வரலாம். பேச்சோ தாமதத்தைப் பொறாது. கேட்ட கேள்விக்கு அக்கணமே மறுமொழி வந்தாற்றான் அது பேச்சு. கடல் சூழ்ந்த நம் ஊர்களுக்கு நெடுங்காலம் செய்திதான் கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை.

தந்தியும் கடிதமும்

இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858ஆம் ஆண்டில் முதல் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. பின்னர் தந்தி நாடெங்கும் பரவியது. புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களைச் சேர்ந்த பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து வாழ்ந்த நாள்களில், வீட்டுக்கு வந்தவை கடிதமும் காசுக்கட்டளையுமே. தந்திச் சேவகன் படலையடியில் நின்றால், அதைப் பிரிக்கு முன்பே வீட்டிலுள்ள பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். தந்தியில் வருவது பெரும்பாலும் சாவுச் செய்தியே. "கடைசியாக என்ன சொன்னார்?" என்று அத் தந்தியைத் திருப்பிக் கேட்க இயலாது.

போர்க்காலம் இந்நிலையை இன்னும் கொடிதாக்கியது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, குடாநாட்டின் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. தீவகத்தார் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதங்கள் சில குடும்பங்களை இணைத்தன. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகத் தாய்மார் கொழும்புக்குப் போய் விடுதியிலே நாட்கணக்கிற் காத்திருந்தனர். வேறு சிலர் ஒலிநாடாவிற் பேசிப் பதிந்து, போகின்றவர் கையிற் கொடுத்தனுப்பினர். குரல் போய்ச் சேர்ந்தது. ஆயினும் அது பேச்சன்று. புறாவின் காலிற் கட்டிய ஓலைக்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

குரல் பொதியான கதை

அக்காலத்திலே வெளியுலகிற் குரலை அனுப்பும் முறையே மாறிக்கொண்டிருந்தது. பழைய தொலைபேசியில் இருவர் பேசினால், பேசி முடியும் வரை ஒரு முழுப் பாதை அவர்களுக்கென்றே பிடித்து வைக்கப்படும். கணினி வலையிலோ குரல் சிறு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, மற்றவர் பொதிகளோடு ஒரே பாதையிற் செல்கின்றது. 1974ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையில், கலிபோர்னியாவிலிருந்த ஓர் ஆய்வு நிலையத்துக்கும் மசச்சூசெற்சிலிருந்த லிங்கன் ஆய்வுகூடத்துக்கும் இடையே இவ்வாறு பேச்சு நிகழ்த்திக் காட்டினர். இம்முயற்சியில் முன்னின்றவர் டனி கோகன் என்னும் அறிஞர். 1995இல் வோக்கல்ரெக் என்னும் இசுரேலிய நிறுவனம் வீட்டுக் கணினிக்கான இணையத் தொலைபேசியை விற்பனைக்கு விட்டது. 2003இல் ஸ்கைப் வந்தது. 2015இல் வட்சப்பிலே குரல் அழைப்பும், மறு ஆண்டு முகம் பார்த்துப் பேசும் வசதியும் வந்தன.

இஃது எவ்வாறு நடைபெறுகின்றது? குரலை ஒரு நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதினால், நொடிக்கு 64,000 பிட்டுகள் ஆகும். இதனை எட்டிலொன்றாகச் சுருக்கவும் வழியுண்டு. பொதுவாக ஒரு நொடிப் பேச்சு 50 பொதிகளாகக் கட்டப்படும். சுருக்கிய முறையில் ஒரு பொதியினுள்ளே குரல் 20 பைட்டு. அதன் மேலெழுதும் விலாசம் முதலியன 40 பைட்டு. கடிதத்திலும் உறை இருமடங்கு பெரிது!

கடிதம் தொலைந்தால் மறுபடி எழுதச் சொல்லலாம். பேச்சிலே தொலைந்த பொதியைத் திருப்பிக் கேட்டுப் பயனில்லை. அது வருமுன் பேச்சு அப்பாற் சென்றுவிடும். ஆகவே தொலைந்ததை விட்டு மேலே செல்வதே முறை. ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் சேர ஒரு நொடியில் ஆயிரத்தில் 150 பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேற்படின் இருவரும் ஒரே வேளையிற் பேசுவர்; பின் இருவரும் வாய்மூடி நிற்பர்.

கடலின் மேற் காற்றலை

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தமும் ஏ-9 பாதைத் திறப்பும் குடாநாட்டுக்குக் கைபேசியை அணித்தாக்கின. 2006இல் பாதை மீண்டும் மூடப்பட்ட பின்னர் கைபேசிச் சேவையும் இடைக்கிடை நின்றது. 2009இற் போர் முடிந்தபின் கோபுரங்கள் பெருகின. இலங்கையில் நான்காம் தலைமுறைக் கைபேசிச் சேவை 2013இல் தொடங்கியது. அத் தலைமுறையின் வலை பொதிகளை மட்டுமே சுமப்பது. குரலுக்கென்று பழைய முறைப் பாதை அதில் இல்லை.

இங்குதான் தீவகத்தின் தனி இடர் தொடங்குகின்றது. நிலத்திற் கம்பியும் ஒளியிழையும் புதைக்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கும் நமக்கும் நடுவே கடல் கிடக்கின்றது. நுண்ணலை கடலைக் கடக்கும்போது ஒரு பங்கு நேரே செல்லும். மற்றொரு பங்கு நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறித்துச் செல்லும். இரண்டும் சேருமிடத்தில் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு. நீர்மட்டம் ஏறி இறங்க, இவ்வழிவும் மாறும். ஒரே கோபுரத்தில் வெவ்வேறு உயரங்களில் இரண்டு வாங்கிகளை வைத்து, எது நன்றாகக் கேட்கின்றதோ அதனைக் கொள்வது பொறியியலார் கண்ட பரிகாரம்.

இன்னோர் இடர் நெருக்கடி. காற்றலை எல்லார்க்கும் பொது. ஒருவர் திரைப்படம் பார்க்க, அதன் பெரும் பொதிகளுக்குப் பின்னே மற்றவர் குரற்பொதி வரிசையில் நிற்கக் கூடாது. ஆதலால் வைமாக்ஸ் முறையிலும் அதன்பின் வந்த முறைகளிலும் குரலுக்கென்று முன்கூட்டியே நேரம் ஒதுக்க ஏற்பாடு செய்தனர். குறிகட்டுவானிற் குமுதினிப் படகில் ஏறும்போது நோயாளிக்கு முதலில் இடம் விடுகின்றோமே, அதுபோன்றதே இது.

விண்கோள் வழி உண்டே என்பர் சிலர். நிலையாக நிற்கும் விண்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. அலை அங்கு போய் மீள்வதற்கே ஏறக்குறையக் கால் நொடியாகும்; பேச்சுக்கு அது நெடுநேரம். 2024இல் இலங்கையில் அனுமதி பெற்று 2025இற் சேவை தொடங்கிய ஸ்ரார்லிங்கின் விண்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலே செல்வதால் இத் தாமதம் நீங்குகின்றது. எனினும், அதன் விலை ஏழைக் கடற்றொழிலாளிக்கு எட்டுமோ என்பது கேள்வியே.

தேனியில் நடந்தது

அயலிலுள்ள தமிழ்நாட்டில் நடந்ததொன்றை ஈண்டு எடுத்துக் காட்டுவோம். தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து, 2006ஆம் ஆண்டளவில், சுற்றியுள்ள சிற்றூர்களின் கண் நிலையங்களை வைபை அலையால் இணைத்தனர். வைபை ஒரு வீட்டினுள்ளே பயன்படுவதற்கென்று பிறந்தது. ஒவ்வொரு பொதிக்கும் உடனே ஒப்புதல் கேட்கும் அதன் வழக்கம் பல கிலோமீற்றர் தூரத்திற்குச் சரிவரவில்லை. ஆதலால் இரு பக்கமும் முறைவைத்துப் பேசுமாறு அதனை மாற்றியமைத்தனர். கிராமத்து நோயாளி தன் ஊரிலேயே இருந்துகொண்டு தேனி மருத்துவரை முகம் பார்த்துப் பேசினார். மருத்துவமனைக்கு யார் போக வேண்டும், யார் போக வேண்டியதில்லை என்பது அங்கேயே முடிவாயிற்று. பெருஞ் செலவில்லாத கருவிகளே இதற்குப் போதுமாயின.

நெடுந்தீவிலே நள்ளிரவிற் பிள்ளைக்கு வலிப்புக் கண்டால், கடலிலே ஒரு மணி நேரம் போக வேண்டுமா, விடியும் வரை பொறுக்கலாமா என்று முடிவு செய்வதற்கு ஒரு மருத்துவரின் குரல் வேண்டும். அவ்வேளையிற் கேள்வியும் மறுமொழியும் வேண்டும். பதிந்தனுப்பும் செய்தி உதவாது.

நாம் செய்யத்தக்கது

சென்ற ஆண்டு நயினாதீவில் ஒரு முதுபெண்மணியின் வீட்டுத் திண்ணையில் நாம் இருந்தோம். கடல் கடந்திருந்த பேத்தி அழைத்தாள். "ஆச்சி, நான் கதைக்கிறது கேக்குதோ?" "கேக்குது மோனை, சொல்லு." அதற்கு மேல் குரல் துண்டு துண்டாயிற்று, பின் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் பேத்தி தன் குரலைப் பதிந்து அனுப்பினாள். ஆச்சி அதனை மூன்று முறை கேட்டார். கேட்டுவிட்டு, "இவளுக்கு நான் மறுமொழி சொல்ல ஏலாதே" என்றார். நாம் மறுபடியும் புறாக்கூட்டடியில் நிற்பது போலத் தோன்றியது.

கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். நெடுங்காலம் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கொண்டு மின் ஆக்கும் திட்டத்துக்கு, இந்திய நன்கொடையுடன் 2022 மார்ச்சில் உடன்படிக்கை செய்யப்பட்டது. மின்சாரம் செம்மையுறும்போது தொடர்பும் செம்மையுற வேண்டும் எனக் கேட்பது நம் உரிமை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு வெறுமனே "தொடர்பு சரியில்லை" என்று எழுதிப் பயனில்லை. எந்த வட்டாரத்தில், எந்நாளில், எந்நேரத்தில் பேச்சு அறுந்தது என்று நம் இளைஞர்கள் ஒரு கொப்பியில் மூன்று மாதம் குறித்து வைப்பாராயின், அக் கொப்பி நூறு மனுக்களுக்குச் சமமாகும்.

மற்றொன்றும் உண்டு. கருவியைக் கையாளத் தெரியாத முதியோர் அருகில் அமர்ந்து, வாரத்தில் ஒரு மாலை அவர்களைப் பிள்ளைகளோடு பேசவைத்தல் எளிய தொண்டு. அதற்கு ஆணைக்குழுவின் அனுமதி வேண்டியதில்லை.

புறா ஓலையைக் கொண்டுபோனது, மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. நம் தீவக மக்கள் காத்திருந்து காத்திருந்து தலைமுறைகள் கழிந்தன. இனியாவது கேட்டவர்க்கு அக்கணமே மறுமொழி கிடைக்கும் ஊர்களாக நம் ஊர்களை ஆக்குவோமாக.