செவியும் நாவும்

ஆங்கிலம் எழுத்தால் ஒன்றும் ஒலியால் மற்றொன்றுமாய் நிற்கும் மொழி. ஓர் எழுத்தே பல சொற்களிற் பலவாறு ஒலிக்கும். சில சொற்களில் ஒலியாமலே போகும். ஆதலின் நூலை மட்டும் துணைக்கொண்டு அம்மொழியைக் கற்றவர் பிழையின்றி எழுத வல்லவராயினும், வாய்திறந்து பேச நாணுதல் இயல்பு. இந்நாணத்தைப் போக்கும் வழியை ஆராய்ந்தோர் ஆசிரியர்களே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1886ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் போல் பாஸி என்பாரைத் தலைவராகக் கொண்டு மொழியாசிரியர் சிலர் ஒரு சங்கம் அமைத்தனர். ஓர் ஒலிக்கு ஒரு குறி என்னும் நியதியில் அவர்கள் வகுத்த நெடுங்கணக்கே இன்று அகராதிகளில் வழங்கும் அனைத்துலக ஒலிக்குறிகளுக்கு அடிப்படையாயிற்று. கண்ணை ஏமாற்றும் எழுத்தை விடுத்து, காதிற்பட்டதைக் குறிக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

இவ்வழியைப் பெரிதும் வளர்த்தவர் தானியேல் ஜோன்ஸ். 1881இல் இலண்டனிற் பிறந்த இவர், கேம்பிரிட்ஜிற் கணிதமும் பின்னர்ச் சட்டமும் பயின்றவர். ஆயினும் ஜெர்மனியில் மொழி கற்கச் சென்றபோது ஒலியியலில் நாட்டங்கொண்டு, பாரிஸில் பாஸியிடம் மாணவராய் அமர்ந்தார். 1907 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கற்பித்து, 1921இற் பேராசிரியரானார். 1917இல் அவர் வெளியிட்ட ஆங்கில ஒலிப்பகராதி உலகெங்கும் ஆசிரியர் மேசைகளில் இடம்பெற்றது. 1967இல் அவர் மறைந்தார்.

ஜோன்ஸின் முறையில் முதலிடம் பெறுவது செவி. ஆசிரியர் பொருளற்ற சொற்களை ஒலிக்க, மாணவர் அவற்றைக் கேட்டு ஒலிக்குறியில் எழுதுவர். பொருள் உள்ள சொல்லாயின் மனம் ஊகித்துவிடும். பொருளற்ற சொல்லிலோ செவி ஒன்றே துணை. கேட்டறியாத வேறுபாட்டை நா ஒலித்தல் அரிது. செவி தெளிந்தபின்னரே கண்ணாடி முன் நின்று இதழையும் நாவையும் நோக்கிப் பயிலும் பயிற்சி பயன்தரும்.

இவ்வறிஞருக்கு இலங்கையோடும் தொடர்புண்டு. எச். எஸ். பெரேராவுடன் இணைந்து, பேச்சுச் சிங்களத்தை ஒலிக்குறியிற் பதிந்த நூலொன்றை 1919இல் அவர் வெளியிட்டார். ஆங்கிலத்துக்கு அளித்த அதே மதிப்பை நம் நாட்டு மொழிக்கும் அவர் அளித்தமை கவனிக்கத்தக்கது.

தமிழருக்கோ ஒலியாராய்ச்சி புதிதன்று. நா எங்கே பொருந்த எவ்வெழுத்துப் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துரைக்கின்றது. நுனிநாவால் அண்ணத்தை ஒற்றிப் பிறக்கும் றகரத்தை, ‘வெற்றி’ என்னும் சொல்லில் யாழ்ப்பாணத்தார் இன்றும் ஒலிப்பர். ஆங்கில ‘ரீ’ எழுத்தின் ஒலியும் அவ்விடத்ததே. ‘பற்றறி’ என நாம் எழுதுவதும் அதனாலன்றோ? ஆகவே அவ்வொலியைப் புதிதாகத் தேடவேண்டுவதில்லை. இருப்பதை அறிந்து எடுத்தாளுதலே வேண்டும். பகரத்தோடு மயங்கும் ‘எஃப்’ ஒலியையும், அசையழுத்தத்தையும் தனியே பயிலல் வேண்டும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசையும் ‘ஃபொட்டொகிராஃபர்’ என்பதில் இரண்டாமசையும் அழுத்தம் பெறும். எல்லா அசையையும் ஒருநிகராய் ஒலித்தால், ஒவ்வோர் ஒலியும் திருந்தியிருப்பினும் கேட்பவர் இடர்ப்படுவர்.

நாட்பயிற்சி நீண்டதாய் இருத்தல் வேண்டா. காலையிற் கால்மணி நேரம் போதும். முதல் ஐந்து நிமிடம் வானொலியிலோ ஒலிப்பதிவிலோ ஒரு சிறு பகுதியைக் கேட்டல். அடுத்த ஐந்தில் ஓர் ஒலியை மட்டும் கண்ணாடி முன் பயிலல். எஞ்சிய ஐந்தில் கேட்ட பகுதியை அழுத்தம் பிசகாது உரக்க வாசித்தல். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணிநேரம் முயல்வதிலும், நாள்தோறும் சிறிது பயில்வதே நாவிற் பதியும்.

இனி, எவருடைய ஒலிப்பை இலக்காகக் கொள்வது? ஜோன்ஸின் அகராதி பதிந்தது தென்னிங்கிலாந்தில் உயர்குடியினர் சிலருடைய பேச்சையே. அதுவே யாவர்க்கும் விதி என அவர் கட்டளையிட்டாரல்லர். அவர் வழிவந்த டேவிட் அபர்குறொம்பி, கேட்பவர் வருத்தமின்றிப் புரிந்துகொள்ளத்தக்க ஒலிப்பே கற்போர்க்குப் போதுமென 1949இல் எடுத்துரைத்தார். பிறர்போல் நடித்தல் வேறு. பிறர்க்குப் புலப்படப் பேசுதல் வேறு. முன்னதை நாடுவோர் தம் குரலையே வெறுக்கக் கற்பர். பின்னதை நாடுவோர், தம் மொழியின் நாவோடே, நாணம் நீங்கி அவையில் நிற்பர்.