மல்லையா திவால் வழக்கு: தீர்ந்துபோன விஷயத்தை கோர்ட்டில் மறுபடியும் கிளற முடியுமா?

வாங்கிய கடனைவிட அதிகமாகவே வங்கிகள் தன்னிடம் வசூலித்துவிட்டன என்று விஜய் மல்லையா சொல்லிவருகிறார். மல்லையாவின் சொத்துகளிலிருந்து 14,131.6 கோடி ரூபாய் வங்கிகளுக்கு மீட்டுத் தரப்பட்டதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும் 2024 டிசம்பரில் மக்களவையில் சொன்னார். பிறகு ஏன் லண்டனில் அவர் இன்னும் திவாலானவர்? 2025 ஏப்ரலில் நடந்த மேல்முறையீட்டில்கூட அந்த உத்தரவு ஏன் அசையவில்லை?

விஷயம் இதுதான். ஒருவர் கடன்பட்டிருக்கிறாரா என்று முடிவு செய்வது ஒரு கோர்ட். அந்தக் கடனைக் கட்டாதவரைத் திவாலானவர் என்று அறிவிப்பது இன்னொரு கோர்ட். முதல் இடத்தில் தோற்ற வாதத்தை இரண்டாவது இடத்தில் போய் அப்படியே திருப்பிச் சொன்னால், பெரும்பாலும் எடுபடாது.

கேஸ் எப்படி நகர்ந்தது?

கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் வாங்கிய கடனுக்கு மல்லையா தனிப்பட்ட உத்தரவாதம், அதாவது பெர்சனல் கேரண்டி, கொடுத்திருந்தார். 2012-ல் விமானங்கள் நின்றன. 2016 மார்ச்சில் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 2017 ஜனவரியில் பெங்களூரு கடன் மீட்புத் தீர்ப்பாயம் (டிஆர்டி) 6,203 கோடி ரூபாயை, ஆண்டுக்கு 11.5% வட்டியுடன் வசூலிக்க உத்தரவிட்டது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த உத்தரவுதான். ஸ்டேட் பேங்க் தலைமையிலான வங்கிகள் அதை அதே ஆண்டில் இங்கிலாந்தில் பதிவு செய்தன. அதை ரத்து செய்யச் சொல்லி மல்லையா கேட்டார். 2018 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதன்பிறகுதான், 2018 செப்டம்பரில், திவால் மனு தாக்கலானது. அதாவது மனு போடுவதற்கு முன்பே, 'கடன் உண்டா இல்லையா' என்ற கேள்வி இரண்டு நாடுகளில் ஒரு சுற்று முடிந்திருந்தது.

இங்கிலாந்தின் விதி என்ன?

அங்கே 5,000 பவுண்டு கடன் இருந்தாலே ஒருவர் மீது திவால் மனு போடலாம். வழக்கமாக முதலில் ஒரு சட்டப்பூர்வ கோரிக்கை நோட்டீஸ் வரும். பணம் கட்ட 21 நாள். நோட்டீஸை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்க 18 நாள். அந்த நோட்டீஸ் ஏற்கெனவே வந்த ஒரு கோர்ட் தீர்ப்பின் அடிப்படையில் இருந்தால், தீர்ப்பு சரியா தப்பா என்று அந்தக் கட்டத்தில் கோர்ட் பார்க்காது.

சரி, நோட்டீஸை எதிர்த்துத் தோற்றாச்சு. திவால் மனு விசாரணைக்கு வரும்போது அதே வாதத்தை மறுபடி வைக்கலாமா? 2000-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. சூழ்நிலை மாறியிருந்தால் மட்டும் பேசலாம். 2017-ல் இதையே மறுபடியும் உறுதி செய்தது. ஒரே விஷயத்தைக் கடன்காரர் கட்டத்துக்குக் கட்டம் எடுத்தால், எதிர்த்தரப்புக்குச் செலவு, கோர்ட்டுக்கு நேர விரயம். நம்மூரில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்லும் 'முன் தீர்ப்புத் தடை'யின் சாயல் இதில் தெரியும்.

ஆனால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது

திவால் என்பது இருவருக்கு இடையிலான சண்டை மட்டுமல்ல. அந்த நபரிடம் பணம் வரவேண்டிய மற்ற எல்லாரையும் அது பாதிக்கும். நண்பரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பொய்த் தீர்ப்பை வாங்கி வைத்துக்கொண்டால், உண்மையாகக் கடன் கொடுத்தவர்களின் பங்கு குறையும். அதனால்தான் மோசடி, கூட்டுச் சதி, நீதி பிறழ்ந்தது ஆகிய காரணங்கள் இருந்தால், தீர்ப்புக்குப் பின்னால் போய் உண்மையிலேயே கடன் இருக்கிறதா என்று பார்க்க திவால் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இது 19-ம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் அதிகாரம்.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கதவு கொஞ்சம் அகலம். ராம்சே ஹெல்த் கேர் நிறுவனம், உத்தரவாதம் கொடுத்த ஒருவர் மீது சுமார் 98 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குத் தீர்ப்பு வாங்கியிருந்தது. உத்தரவாதம் செல்லாது என்று மட்டும்தான் அவர் தரப்பு வாதாடியது. தொகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. திவால் கட்டத்தில்தான், அவ்வளவு கடன் உண்மையில் இருந்ததா என்ற கேள்வியை எழுப்பும் கணக்குகள் வந்தன. விசாரிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-ல் பெரும்பான்மையாகச் சொன்னது. இங்கே கவனிக்க வேண்டியது, தொகை விவகாரம் முதல் விசாரணையில் அலசப்படவே இல்லை. அலசி முடித்த ஒன்றை மறுபடி அலசச் சொல்வது வேறு கதை.

மல்லையாவுக்கு எது கைகொடுத்தது?

2020 ஏப்ரலில் அவருக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. நீதிபதி மைக்கேல் பிரிக்ஸ் திவால் மனுவைத் தள்ளிவைத்தார். கடனே இல்லை என்ற வாதத்தால் அல்ல. இந்திய நீதிமன்றங்களில் மனுக்களும் சமரசத் திட்டமும் நிலுவையில் இருந்தன; வங்கிகள் கையில் வைத்திருந்த அடமானச் சொத்துகளை மனு எப்படிக் கையாண்டது என்ற பிரச்னையும் இருந்தது. உருப்படியாக வேலை செய்தவை இவைதான்.

அந்த அவகாசமும் நீடிக்கவில்லை. அடமான உரிமையை விட்டுக்கொடுப்பதாக மனுவைத் திருத்த வங்கிகளுக்கு 2021 மே மாதம் அனுமதி கிடைத்தது. அது இந்தியப் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்ற மல்லையா தரப்பு வாதம் நிற்கவில்லை. கடன் இன்னும் தகராறில் இருக்கிறது, மேலும் அவகாசம் வேண்டும் என்றார்கள். நியாயமான காலத்துக்குள் முழுப் பணமும் வந்துசேரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, 2021 ஜூலை 26-ல் பிரிக்ஸ் திவால் உத்தரவைப் பிறப்பித்தார். 2025 ஏப்ரல் 9-ல் நீதிபதி ஆண்டனி மேன் அதை அப்படியே நிலைநிறுத்தினார்.

நம்மூரில் கேரண்டி போட்டவர்களுக்கு?

நண்பரின் கம்பெனிக்காகவோ, மச்சான் தொழிலுக்காகவோ கையெழுத்துப் போட்டவர்கள் இங்கேயும் நிறையப் பேர். கம்பெனிக் கடனுக்குக் கேரண்டி கொடுத்த தனிநபர்கள் மீதும் என்சிஎல்டி-யில் நடவடிக்கை எடுக்க 2019 டிசம்பர் 1 முதல் வழி இருக்கிறது. அந்தப் பிரிவுகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் சொல்லிவிட்டது.

டிஆர்டி உத்தரவே தப்பு என்றால், சண்டை போட வேண்டிய இடம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். சென்னையிலும் ஒன்று இருக்கிறது. கெடு 30 நாள். சும்மாவும் போக முடியாது. உத்தரவான தொகையில் 50 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். தீர்ப்பாயம் மனது வைத்தால் 25 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே இல்லை. இந்தப் பணத்தைப் புரட்ட முடியாமலேயே பலர் கெடுவைக் கோட்டைவிட்டு, பிறகு திவால் கட்டத்தில் முழு வாதத்தையும் கொட்டப் பார்க்கிறார்கள்.

அப்போ, பணம் வசூலாகிவிட்டது என்ற மல்லையாவின் வாதம்? அது பழைய விஷயம் அல்ல, உத்தரவுக்குப் பிறகு நடந்தது. அதற்கு இங்கிலாந்தின் 1986-ம் ஆண்டு திவால் சட்டத்தில் 282-வது பிரிவு என்று தனி வழியே இருக்கிறது. கடனும் திவால் நடவடிக்கைச் செலவும் முழுசாகக் கட்டப்பட்டதாகவோ, அதற்கு உத்தரவாதம் தரப்பட்டதாகவோ காட்டினால், திவால் உத்தரவை கோர்ட் ரத்து செய்யலாம்.