ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தல்

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் குழந்தைக்கு உணவளிப்பது அறம் என்பதை அது சொல்கிறது. ஆனால் ஊட்டுவது எதை, எவ்வளவு, எந்த வயதில் என்ற கேள்விகளுக்கு அறவுணர்ச்சி மட்டும் விடை கூறிவிடாது. இரக்கம் மிகுந்த நல்லோர் நிறுவிய குழந்தை விடுதிகளிலேயே, உணவின் குறையால் குழந்தைகள் நோயுற்றதும் மாண்டதும் உண்டு. மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றின் சில பக்கங்களை இன்று புரட்டிப் பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன் மாநகரில் தொடங்குவோம். தாமஸ் கோரம் என்பவர் கடலோடி வாழ்ந்த கப்பல் தலைவர். தெருவோரங்களில் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளைக் கண்டு மனம் நொந்த அவர், பல ஆண்டுகள் முயன்று 1739ஆம் ஆண்டில் அரசரின் பட்டயத்தைப் பெற்று ஒரு விடுதியை நிறுவினார். 1741ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கதவு திறந்த முதல் இரவிலேயே முப்பது குழந்தைகள் சேர்க்கப்பட்டன. அவற்றை எவ்வாறு வளர்ப்பது? செவிலித்தாயர் பாலூட்டி வளர்ப்பது ஒரு வழி. ரொட்டியை நீரிலோ பாலிலோ ஊறவைத்துக் குழைத்துக் கரண்டியால் ஊட்டுவது மற்றொரு வழி. இரண்டாம் வழி எளிது, செலவும் குறைவு. ஆயினும், குழைத்த ரொட்டி உண்ட குழந்தைகளைவிடச் செவிலித்தாயின் பாலுண்ட குழந்தைகளே மிகுதியாகப் பிழைத்தன என்பதை விடுதியின் கணக்கேடுகள் காட்டின. வில்லியம் கடோகன் என்ற மருத்துவர் 1748ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தாய்ப்பாலே பச்சிளங் குழந்தைக்கு உரிய உணவு என்றும், மிகுதியாகத் திணிப்பது கேடு என்றும் வற்புறுத்தினார். விடுதி நிருவாகிகள் அதை ஏற்றுக் குழந்தைகளை நாட்டுப்புறச் செவிலியரிடம் அனுப்பினர்.

அறிந்த உண்மையைக் கடைப்பிடிக்க இயலாத நிலையும் விரைவில் வந்தது. 1756ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பொருளுதவி அளித்து, கொண்டுவரப்படும் குழந்தைகள் அனைத்தையும் ஏற்க வேண்டும் என்று விதித்தது. நான்கு ஆண்டுகளுக்குள் 14,934 குழந்தைகள் வந்து குவிந்தன. அத்தனை குழந்தைகளுக்குச் செவிலியர் எங்கே கிடைப்பர்? நெடுவழிப் பயணத்தில் நலிந்து வந்தவை சில; நோயோடு வந்தவை சில; பாலின்றி வாடியவை சில. வளர்ந்து தொழில் கற்கச் சென்றவர்கள் ஏறத்தாழ 4,400 பேரே. கருணையின் கதவை அகலத் திறந்தவர்கள், உள்ளே ஊட்டுவதற்குக் கைகள் உண்டா என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்றரை நூற்றாண்டு கடந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 'பெலாக்ரா' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கைகளிலும் கழுத்திலும் வெயில் படும் இடமெல்லாம் தோல் சிவந்து தடித்துச் சொரசொரப்பாகும், வயிற்றுப்போக்கு உண்டாகும், முற்றினால் சித்தம் கலங்கும், மரணமும் நேரும். அது கிருமியால் தொற்றும் நோய் என்று பலர் நம்பினர். உண்மையை ஆராயும் பொறுப்பை 1914ஆம் ஆண்டில் அரசு, டாக்டர் ஜோசப் கோல்ட்பர்கரிடம் ஒப்படைத்தது. ஐரோப்பாவில் பிறந்து, இளமையில் பெற்றோருடன் நியூயார்க்கில் குடியேறிய ஏழைக் குடும்பத்தின் பிள்ளை அவர்.

கோல்ட்பர்கர் நுண்பெருக்கிக் கண்ணாடியைத் தேடி ஓடவில்லை. மனநோய் மருத்துவமனைகளுக்கும் அநாதை விடுதிகளுக்கும் சென்று, யார் யார் நோயுற்றனர், யார் யார் நோயுறவில்லை என்று பார்த்தார். விடுதியில் வாழ்பவர்களுக்கு நோய் வந்தது. அவர்களைத் தொட்டுப் பணி செய்யும் ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்றுநோயாயின் அது ஆளறிந்து விலகுமா? இந்த ஐயமே ஆராய்ச்சியின் வாயிலாயிற்று.

மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனில் இரண்டு அநாதை விடுதிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் 1914 ஜூலை முதல் நாளன்று எடுத்த கணக்கைக் கேளுங்கள். மொத்தக் குழந்தைகள் 211 பேர். நோயுற்றோர் 68 பேர். ஆறு வயதுக்குட்பட்ட 25 பேரில் நோயுற்றோர் இருவர். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட 66 பேரில் நோயுற்றவர் ஒரே ஒருவர். இடைப்பட்ட 120 பேரில் நோயுற்றோர் 65 பேர்! ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே காற்று. அப்படியிருக்க, நோய் மட்டும் வயது கேட்டு வந்தது ஏன்?

விடை சாப்பாட்டு மேசையில் இருந்தது. விடுதிக்குப் பணம் போதவில்லை. மக்காச்சோள ரொட்டியும் கஞ்சியும் வெல்லப்பாகுமே பெரும்பாலும் உணவு. கிடைத்த சிறிதளவு பாலை மிகச் சிறு குழந்தைகளுக்கு ஒதுக்கினர். மழலைக்குப் பால் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததன்றோ? பன்னிரண்டு வயதைக் கடந்தோர் உடலுழைப்புச் செய்தனர். உழைப்பவருக்கு இறைச்சி வேண்டும் என்று அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் பரிமாறினர். நடுவில் நின்ற பிள்ளையோ மழலையும் அல்லன், உழைப்பாளியும் அல்லன். ஆறாம் பிறந்தநாள் வந்ததும் அவனுடைய பால் நின்றது; இறைச்சி வருவதற்கோ இன்னும் ஆறாண்டுகள் காத்திருக்க வேண்டும். வயிறு ஓரளவு நிறைந்ததால் அவன் பட்டினி கிடப்பதாக எவரும் எண்ணவில்லை. விடுதியை நடத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். வளரும் பருவம் ஆறு வயதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை; அவ்வளவே.

கோல்ட்பர்கர் அரசின் செலவில் இரு விடுதிகளின் உணவையும் மாற்றினார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் இருமுறை பால் கிடைத்தது. முட்டையும், புதிய இறைச்சியும், அவரை, பட்டாணி போன்ற பயறுகளும் சேர்க்கப்பட்டன, மக்காச்சோளம் குறைக்கப்பட்டது. உணவைத் தவிர வேறெதையும் அவர் மாற்றவில்லை. சுகாதார நிலை முன்போலவே இருந்தது. நோய்க்குக் காரணம் உணவா, அழுக்கா என்பது ஐயமறத் தெரிய வேண்டும் அல்லவா?

1914ஆம் ஆண்டில் அவ்விரு விடுதிகளிலும் நோயுற்ற குழந்தைகள் 209 பேர். அவர்களுள் 172 பேர் ஓராண்டுக் காலம் கண்காணிப்பில் இருந்தனர். முன்பெல்லாம் வசந்தம் தோறும் திரும்பி வந்த நோய், மறு ஆண்டில் அந்த 172 பேருள் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் வந்தது. மருந்து ஏதுமில்லை, பாலும் முட்டையும் பயறுமே மருந்தாயின.

இக்கதை இங்கே இனிதாக முடிந்திருக்கலாம், ஆனால் முடியவில்லை. 1916ஆம் ஆண்டில் அரசின் உணவுதவி நின்றது. ஒரு விடுதியில் பழைய உணவு மேசைக்குத் திரும்பியது. பெலாக்ராவும் உடன் திரும்பியது. மீண்டும் நல்லுணவு அளித்தபோது மறைந்தது. உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு வெற்றி. அதை நாள்தோறும் சமையலறையில் நிறைவேற்றுவது மற்றொரு வெற்றி. முதலாவதை அறிஞர் ஒருவர் பெற்றுத் தரலாம். இரண்டாவதற்குப் பணமும் பொறுப்பும் இடையறாத கவனமும் வேண்டும்.

கோல்ட்பர்கர் 1929ஆம் ஆண்டில் காலமானார். குறைபட்ட சத்து நியாசின் என்ற வைட்டமின் என்பதை 1937ஆம் ஆண்டில் கான்ராட் எல்வெஜெம் கண்டறிந்தார். மக்காச்சோளத்தில் நியாசின் உண்டு. ஆனால் உடல் எளிதில் கொள்ள இயலாதவாறு பிணைந்திருக்கிறது. பாலிலும் முட்டையிலும் உள்ள புரதத்திலிருந்து உடல் தானே அதை ஆக்கிக்கொள்ள வல்லது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டனர். அவ்வாறு செய்தால் பிணைப்பு அவிழ்ந்துவிடும். ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டு சென்றனர். சமைக்கும் முறையை விட்டுச் சென்றனர். நம் நாட்டிலும் ஐதராபாத்துப் பகுதியில் சோளத்தையே முதன்மை உணவாக உண்ட ஏழை மக்களிடையே இந்நோய் இருந்ததை, 1960ஆம் ஆண்டில் கோபாலன், ஸ்ரீகாந்தியா என்னும் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர்.

சத்துகளைக் கணக்கிட்டு அளந்துவிட்டால் மட்டும் போதுமா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில், வுப்பெர்டால் நகரில் நிகழ்ந்தது இதற்கு விடை தருகிறது. எல்சி விடோசன் என்ற ஆங்கில அறிஞர் 1948ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் வீதம் வாழ்ந்த இரண்டு சிறு விடுதிகளில் குழந்தைகளின் எடையை ஒழுங்காக நிறுத்து வந்தார். முதல் ஆறு மாதம் இரண்டு இடத்திலும் ஒரே பங்கீட்டு உணவு. அடுத்த ஆறு மாதம், ஒரு விடுதிக்கு மட்டும் ரொட்டியும் பழப்பாகும் ஆரஞ்சுச் சாறும் கூடுதலாக அளிக்கப்பட்டன. ஆனால் கூடுதல் உணவு பெற்ற குழந்தைகளே குறைவாக வளர்ந்தனர்! ஆராய்ந்தபோது காரணம் விளங்கியது. உணவு கூடிய அதே வேளையில், அவ்விடுதியின் அன்பு மிக்க தலைவி விலக, மற்ற விடுதியிலிருந்த கடுமையான தலைவி அங்கே மாற்றலாகி வந்திருந்தாள். உண்ணும் வேளை பார்த்து அவள் குழந்தைகளைப் பிறர்முன் கடிந்துகொள்வாள். அவள் செல்லமாக நடத்திய சில குழந்தைகள் மட்டும் நன்கு வளர்ந்தனர். அச்சத்தோடு உண்ட உணவு உடலில் ஒட்டவில்லை.

மாணவர்களே, மூன்று நாடுகளின் மூன்று நிகழ்ச்சிகளைக் கண்டோம். இலண்டனில் உரிய உணவு தெரிந்திருந்தும் கூட்டம் மிகுந்ததால் அது கிட்டவில்லை. ஜாக்சனில் உணவு கிட்டியும் வயதுக்கேற்ற சத்து கிட்டவில்லை. வுப்பெர்டாலில் உணவு மிகுந்தும் அமைதி கிட்டவில்லை. தாயின் மடியில் குழந்தை முகம் சுளித்தால் தாய் அறிவாள். நூறு குழந்தைகள் வரிசையாக அமரும் கூடத்தில் ஒரு குழந்தையின் முகச்சுளிப்பு எளிதில் மறைந்துபோகும். அதனாலேயே அங்கே எடைக்கருவியும் பட்டியலும் கணக்கேடும் தேவைப்படுகின்றன. அவற்றைப் படித்துப் பார்த்து, எந்தக் குழந்தையின் பங்கு விடுபட்டது என்று கேட்கும் ஒருவரும் தேவைப்படுகிறார்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராகலாம், மருத்துவராகலாம், குழந்தைகள் காப்பகம் ஒன்றின் பொறுப்பை ஏற்கலாம். அன்று பந்தி முடிந்ததும், எல்லோரும் உண்டார்களா என்று கேட்பதோடு நில்லாமல், ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது கிடைத்ததா என்றும் கேளுங்கள். ஜாக்சன் விடுதியின் 65 குழந்தைகளும் நாள்தோறும் உண்டவர்களே.