பட்டிப்பூவும் பிளாட்டினமும்

கரையோர மணலில் எருவும் பராமரிப்பும் வேண்டாது மலர்வது பட்டிப்பூ. தமிழ்நாட்டார் அதனை நித்தியகல்யாணி என்பர். மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரையைக் கடந்து அமைந்த கதிரவெளி போன்ற ஊர்களின் மணல் முற்றங்களுக்கு ஏற்ற செடி அது. இளைஞரைப் பற்றும் கொடிய நோயொன்றை மருத்துவம் வென்ற வரலாற்றில் அம்மலருக்கும் இடமுண்டு.

ஆண்களின் விதையில் தோன்றும் புற்றுநோயே அது. புற்றுநோய்களுட் பெரும்பாலானவை முதுமையில் வருவன. இதுவோ பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே மிகுதியாகத் தாக்குகின்றது. தொட்டிலிற் குழந்தை உறங்கும் வீட்டில், குடும்பத்தைத் தாங்குபவனே நோயாளியாகின்றான். 1970களின் தொடக்கம் வரை, நோய் உடலெங்கும் பரவியபின் பிழைத்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே.

கனடாவில் றொபேட் நோபிள், சார்ள்ஸ் பீர் என்னும் அறிஞர் இருவர், நீரிழிவுக்கு மருந்தாகுமோ என்று பட்டிப்பூவின் இலையை ஆராய்ந்தனர். குருதியிற் சர்க்கரை குறையவில்லை. வெண்குருதிக் கலங்களே குறைந்தன. பெருகும் கலங்களை அடக்கும் ஆற்றல் அவ்விலைக்கு உண்டென உணர்ந்து, 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர்.

1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் றோசன்பேர்க், பற்றீரியாக்களின் மீது மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்தார். அவை இரண்டாகப் பிரியாது நூல்போல் நீண்டன. மின்சாரம் அதற்குக் காரணமன்று. பிளாட்டினத் தகடுகளிலிருந்து கரைந்து உண்டான சேர்மங்களே காரணம். அவற்றின் வழியே சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து பிறந்தது.

1974இல் இந்தியானாப் பல்கலைக்கழக வைத்தியர் லோறன்ஸ் ஐன்ஹோன், இவ்விரண்டுடன் பிளியோமைசினையும் சேர்த்து, வேறு மருந்துகளுக்கு இணங்காத ஓர் இளைஞருக்கு அளித்தார். அவர் நோய் நீங்கி, பின்னர் ஆசிரியராகவும் தந்தையாகவும் வாழ்ந்தார். 1980களில் வின்பிளாஸ்டினின் இடத்தை எட்டோபொசைட் பெற்றது. இன்று நோய் பரவிய நிலையிலும் பத்தில் எண்மர் அளவினர் குணமடைகின்றனர்.

எனினும் சிகிச்சை எளிதன்று. வாந்தியும் சோர்வும் வரும், முடி உதிரும், சிறுநீரகமும் செவிப்புலனும் தளரக்கூடும். வெண்குருதிக் கலங்கள் குறையும் நாட்களில், காய்ச்சலோ சளியோ உள்ள குழந்தையிடமிருந்து தந்தை விலகியிருக்க நேரும். அப்போது, தந்தை தன்னை வெறுத்து ஒதுங்கவில்லை என்பதைக் குழந்தைக்கு விளங்கச் சொல்லுதல் தாயின் கடமை மட்டுமன்று, சுற்றத்தாரின் கடமையுமாகும். மேலும் மக்கட்பேற்றை விரும்புவோர், சிகிச்சை தொடங்குமுன்னரே விந்தணுவைச் சேமித்து வைப்பதுபற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் மகரகமவிலும் புற்றுநோய்ச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. ஆயினும் மருந்தாற் போக்கமுடியாத தடையொன்று உண்டு, அது நாணம். நோவில்லாத சிறு கட்டியாகத் தொடங்கும் இந்நோயை, சொல்ல வெட்கி மாதக்கணக்கில் மறைப்போர் பலர். முற்றத்துப் பட்டிப்பூவைத் தாமே அரைத்து உண்பதும் ஆபத்து, அவ்விலை நஞ்சுடையது. கட்டியைக் கண்டதும் வைத்தியரிடம் காட்டும் இளந்தந்தைக்கே, அரை நூற்றாண்டு ஆராய்ச்சியின் பயன் முழுமையாகக் கிட்டும்.