உவர் அழுத்தம் (பூச்செடிகளில்)

மண்ணிலோ பாசன நீரிலோ கரைந்துள்ள உப்பு மிகுந்து, அழகுப் பூச்செடிகளின் வளர்ச்சி தடைபடும் நிலை. நீரால் தெவிட்டிய மண்ணிலிருந்து எடுத்த சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் மண். ரோஜாவோ அந்த அளவுக்கு முன்பே வாடத் தொடங்கிவிடும்.

பாதிப்பு இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் ஊடுபரவல் அழுத்தம்: மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. புதுத்தளிர் சிறுக்கும், இலைத்துளைகள் மூடி ஒளிச்சேர்க்கை குறையும். பிறகு சோடியமும் குளோரைடும் இலைகளில் சேர்ந்து நஞ்சாகின்றன. சோடியம் பொட்டாசியம் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. தொட்டி ரோஜாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடியிலைகளின் ஓரம் பழுப்பாகிக் கருகும், காம்பு குட்டையாகும், பூ சிறுத்துவிடும். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு பூத்திருக்கும். பலர் இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி, அதே உப்புத்தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள், கேடு கூடும்.

எல்லாச் செடியும் இப்படி நொடிவதில்லை. அரளியும் காகிதப்பூவும் கடலோரத்திலும் தாக்குப்பிடிக்கும். லிமோனியம் பேரினச் செடிகள் உப்புச் சுரப்பிகள் வழியே இலைப்பரப்பில் உப்பை வெளியேற்றிவிடுகின்றன.

நல்ல நீரைத் தாராளமாகப் பாய்ச்சி உப்பை வேர்ப்பகுதிக்குக் கீழே கழுவி இறக்குவதே முதன்மைத் தீர்வு. வடிகால் இல்லாவிட்டால் அதுவும் வீண். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் உதவும். வெறும் உவர் மண்ணுக்கு அதனால் பயனில்லை.